இரணைதீவு: ஆளில்லை என்று யார் சொன்னது?

2021 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கொழும்பில் செய்தியாளரைச் சந்தித்த அமைச்சரவைப் பேச்சாளர் கெஹெலிய ரம்புக்வெல, கொரோனா நோயினால் இறந்தோரின் உடல்களை அடக்கம் செய்வதற்கு இரணைதீவு தெரிவு செய்யப்பட்டுள்ளதாக அறிவித்தார். அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், அதற்கு முந்திய ஏறத்தாழ ஓராண்டு காலம் முஸ்லிம் மக்களின் உடல்களைக்கூட வலிந்து எரித்துவந்தது சிறிலங்கா அரசு. வெளியுலகின் கண்டனம் வலுத்ததும், பெப்ரவரி இறுதியில் அம்முடிவைக் கைவிட்டது. கைவிட்ட கையோடு புதைப்பதற்கு இடம் தேடிற்று. கண்ணிற் பட்டது கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கடலிற் கிடக்கும் இச்சிறு தீவு. ஆட்சியாளரின் கணிப்பில் அது ஆளரவமற்ற ஓர் ஒதுக்குப்புறம். உண்மையில் அது ஓர் ஊர்.

இரணை என்றால் இரட்டை. பெயருக்கேற்ப அருகருகே இரு தீவுகள். ஒன்று பெரிது, மற்றது சிறிது. பூநகரிப் பிரதேச செயலர் பிரிவுக்குள் அடங்குவன. மன்னார்-பூநகரி வீதியில் முழங்காவிலை அடைந்து, அங்கிருந்து இரணைமாதாநகர்க் கரைக்கு வந்து, படகேறித்தான் போகவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்துவந்தன. செபமாலை அன்னையின் கோவில், பாடசாலை, கிணறுகள், தென்னைகள், மாடுகள் என ஒரு கிராமத்துக்குரிய யாவும் இருந்தன.

1992 இல் போர் அம்மக்களைப் பெருநிலத்துக்குத் துரத்தியது. இரணைமாதாநகரில் குடியமர்ந்தனர். 2008 இல் பூநகரிக் கரையோரம் போர்க்களமானபோது அங்கிருந்தும் கிளம்பவேண்டியதாயிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் இரணைமாதாநகருக்குத் திரும்ப விட்டனர். தீவுக்குத் திரும்ப விடவில்லை. அங்கே கடற்படை இருந்தது. சூழவுள்ள கடலில் மீன் பிடிக்கலாம், கரையேறிக் குடியிருக்கக்கூடாது என்பதே நடைமுறையாயிற்று.

கடலில் தொழில் செய்ய விட்டார்கள் அல்லவா, இரவில் எங்கே படுத்தால் என்ன என்று கடலறியாதோர் கேட்கக்கூடும். இரணைதீவைச் சூழவுள்ளது ஆழங்குறைந்த கடல். நண்டும் கடலட்டையும் சங்கும் மட்டியும் அங்குண்டு. நீர் வற்றும் வேளைகளில் பெண்கள் இறங்கி நடந்து கையாலேயே பொறுக்கி எடுப்பர். இதற்குப் படகு வேண்டியதில்லை, இயந்திரம் வேண்டியதில்லை, முதலும் வேண்டியதில்லை. போரிலே கணவனை இழந்த ஒரு பெண் எவர் கையையும் எதிர்பாராது பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடிய தொழில் அது. பெருநிலத்துக்கு வந்தபின், அதே அட்டையைப் பொறுக்குவதற்கு அவள் பிறருடைய படகில் இடம் கேட்கவேண்டியவளானாள். படகுள்ள ஆண்களுக்கும் உழைப்பில் ஒரு பங்கு போக்குவரவிலேயே கரைந்தது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலையை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அரசு ஒரேயடியாக உயர்த்தியபோது, தொழிலிடத்துக்கு அருகே வாழ்வதற்கும் தொலைவில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு மீனவனின் கணக்கிலும் தெரிந்தது. இம்மக்கள் பிடிக்கும் அட்டை உலர்த்தப்பட்டுச் சீனச் சந்தைக்குப் போகின்றது. இக்கடலின் நண்டுச் சதை அமெரிக்காவரை போகின்றது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவோர்தாம் தமது வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு நின்றனர்.

மனுக்களும் வாக்குறுதிகளுமாய் ஆண்டுகள் கழிந்தபின், 2017 மே 1 ஆம் நாள் இரணைமாதாநகரில் தொடர் போராட்டம் ஆரம்பமாயிற்று. பெண்களே முன்னின்றனர், பங்குத்தந்தையர் துணைநின்றனர். அது ஓராண்டை எட்டுவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், 2018 ஏப்ரல் 23 ஆம் நாள், நாற்பதளவிலான படகுகளில் வெள்ளைக் கொடிகளுடன் மக்கள் தீவை நோக்கிப் புறப்பட்டனர். எவரிடமும் அனுமதி பெறவில்லை. கரையேறிக் கோவிலில் வழிபட்டனர். திரும்பிச் செல்ல மறுத்து அங்கேயே தங்கினர். கூரையிழந்த சுவர்களும் புதர் மண்டிய வளவுகளும் அவர்களை வரவேற்றன. அன்று விட்டுச்சென்ற மாடுகளின் வழிவந்தவை கட்டாக்காலிகளாகத் திரிந்தன. அடுத்த மாதமே அரசு அவர்கள் அங்கிருப்பதை ஏற்றுக்கொண்டது. இருபத்தாறு ஆண்டுகளாகக் கிடைக்காத இசைவு, மக்கள் போய் இறங்கியபின் சில வாரங்களில் கிடைத்துவிட்டது என்பதை இங்கு கவனிக்கவேண்டும்.

அவ்விதம் மீண்ட தீவைத்தான் மூன்றாண்டு கழியுமுன்னரே மயானமாக்க முனைந்தனர். மறுநாளே மக்களும் மதகுருமாரும் வீதிக்கு வந்தனர். தாம் கேளாத ஒரு தீவில், உறவினர் சென்று வழிபடவும் இயலாத தொலைவில், தமது உறவுகளைப் புதைப்பதை முஸ்லிம் மக்களும் விரும்பவில்லை. மார்ச் 5 ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானதோடு இரணைதீவுத் திட்டம் கைவிடப்பட்டது. இரு சமூகங்களை மோதவிடும் நோக்கம் இதிலிருந்ததா என்ற ஐயம் அன்று பரவலாக எழுந்தது. நோக்கம் எதுவாயினும் மோதல் நிகழவில்லை. 1990 இல் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வரலாறு எமக்குப் பின்னால் இருக்கையில், எரிக்கப்பட்ட உடல்களுக்காக இரங்கியும் தமது மண்ணுக்காக வாதாடியும் இம்மீனவ மக்கள் காட்டிய நிதானம் சிறிய காரியமன்று.

எனினும் அரசின் தவறான கணிப்புக்கு இடமளித்த நிலைமை மாறிவிட்டதா? 2018 இற்குப் பின்வந்த ஆண்டுகளில் தீவில் எழுந்தவை பெரும்பாலும் தற்காலிகக் கொட்டில்களே. பாடசாலையும் வைத்தியரும் இல்லாத இடத்தில் பிள்ளைகளை வைத்திருக்க எந்தத் தாய் துணிவாள்? ஆகவே பெற்றோர் தீவில் தொழில் செய்ய, பிள்ளைகள் இரணைமாதாநகரில் படிக்க, குடும்பம் இரு கரைகளில் பிரிந்து கிடந்தது. ஆளில்லாத இடத்துக்குப் பாடசாலை எதற்கு என்கிறது நிர்வாகம். பாடசாலையில்லாத இடத்தில் எப்படி இருப்பது என்கின்றனர் மக்கள். இவ்வாறே காலம் கடத்தப்பட்டால் ஊர் வெறும் மீன்பிடி வாடியாகச் சுருங்கிவிடும். தீவை அறியாத தலைமுறையொன்று ஏற்கெனவே வளர்ந்துவிட்டது. கடலிலும் நிம்மதியில்லை. இழுவைமடித் தொழிலைச் சிறிலங்கா 2017 ஜூலையில் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் இரவில் வந்து வலைகளை அறுத்துச் செல்வதாக வடபகுதி மீனவர் தொடர்ந்து முறையிடுகின்றனர். இனத்தால் ஒன்றென்பதால் இதைப் பேசாது விடுவது முறையாகாது.

புலம்பெயர்ந்த எமக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. 2025 மார்ச் 28 ஆம் நாள், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று, வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரவேண்டும், தவறின் அவை அரச காணியாகும் என்றது. அதில் 515 ஏக்கர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. எதிர்ப்பு வலுத்தது, உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. ஆனால் உரிமையாளர் ஊரில் இல்லை என்பதையே உரிமை இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் வழி, இரணைதீவில் கண்ட அதே வழிதான். காணி உறுதிகள் பலவும் இடப்பெயர்வுகளில் தொலைந்தன; எஞ்சியவற்றுட் சில எம்மோடு கடல்கடந்து வந்து பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றின் பிரதிகள் ஊரிலுள்ள உறவினரிடமோ நம்பிக்கையான சட்டத்தரணியிடமோ இருத்தல் வேண்டும். எல்லை சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தலும் வேண்டும்.