இன்ஜினுக்குப் பெயிண்ட் மட்டும் போதுமா?



எங்கள் ஊர்ப் பூங்காவில் பல வருடங்களாகக் காட்சிக்கு நிற்கும் நீராவி இன்ஜினைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. தொடங்கிய கையோடு, இன்ஜினைப் படமெடுக்கக் கூடாது என்று ஒரு பலகையும் நட்டுவிட்டார்கள். கேமராவோடு போன என்னைக் காவலாளி திருப்பி அனுப்பினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மேலிருந்து வந்த உத்தரவை அவர் எப்படி மீற முடியும்? ஆனால் இந்த உத்தரவும் அங்கே நடக்கும் வேலையும் சேர்ந்து அந்த இன்ஜினை அழித்துவிடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அது ஒய்பி வகை மீட்டர்கேஜ் இன்ஜின். ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் கட்டியது. முன்னால் 4 சிறிய சக்கரங்கள், நடுவில் 6 பெரிய சக்கரங்கள், பின்னால் 2. ஒரு காலத்தில் பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும் இழுத்த இனம். அகலப்பாதை வந்த பிறகு எங்கள் ஊரில் மீட்டர்கேஜ் தண்டவாளம் மிஞ்சியிருந்தது இதன் காலடியில் மட்டும்தான். இப்போது அதையும் சிமென்ட் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். சக்கரங்களின் விளிம்பு சிமென்டுக்குள் புதைந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் வடிய வழியே இல்லை.

ஓடிய காலத்தில் பெரும்பாலும் கறுப்பாக இருந்த இன்ஜினுக்கு இப்போது பச்சையும் மஞ்சளும் அடிக்கிறார்கள். வண்ணத்தைக்கூடப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கனெக்டிங் ராடுக்கு அடித்திருக்கும் வெள்ளிப் பெயிண்டைத்தான் பொறுக்க முடியவில்லை. லோகோ ஷெட்டில் அந்த இரும்பைத் துடைத்து எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதன் முனையில் இன்ஜின் எண்ணை அச்சுக்குத்திப் பதித்திருக்கும். நம்பர் பிளேட் காணாமல் போனாலும், எந்த இன்ஜின் என்று கண்டுபிடிக்க அந்த எண் உதவும். எங்கள் ஊர் இன்ஜினில் அந்த எண்ணின் பள்ளம் பெயிண்டால் அடைபட்டு, விரலால் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படுவதில்லை.

வெளியே இத்தனை பூச்சு. உள்ளே? புகைபோக்கிக்கு மூடி இல்லை. மழை நேரே அதன் அடியில் இருக்கும் ஸ்மோக்பாக்ஸுக்குள் இறங்குகிறது. அங்கே தங்கிப்போன பழைய கரியும் சாம்பலும் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலத் தன்மை வந்து அடித்தகட்டை அரித்துவிடும். நிறுத்தி வைத்த நீராவி இன்ஜின்கள் முதலில் ஓட்டையாகும் இடங்களில் அதுவும் ஒன்று. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு அரிப்பு தொடரும். அடுத்த திறப்பு விழா வரை பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

படமெடுக்கத் தடை என்பதை எதிர்க்கக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நான் முன்பு எடுத்த படங்களில் டிரைவர் நிற்கும் கேபுக்குள் பிரெஷர் கேஜ் இருக்கிறது, பித்தளை வால்வுகள் இருக்கின்றன. இப்போது அந்த இடங்களில் வெறும் துளைகள். கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டனவா? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. என்னென்ன இருந்தன என்பதற்கு மக்கள் எடுத்த படங்கள்தான் சாட்சி. பழைய இயந்திரத்தைச் சீரமைக்கத் தெரிந்தவர்கள் ஒரு நட்டைத் தொடும் முன்பே அதைப் படமெடுத்து, குறிப்பு எழுதி, அடையாளச் சீட்டு கட்டி வைப்பார்கள். இங்கே அவர்களும் எடுப்பதில்லை, எங்களையும் எடுக்க விடுவதில்லை. ரயில்வேயின் சித்தரஞ்சன் ஆலையில்கூட நீராவி இன்ஜின் கட்டுவது 1972-லேயே நின்றுவிட்டது. தொலைந்த பாகத்தை எந்தக் கடையிலும் போய் வாங்க முடியாது.

பாதுகாப்புக்காகத்தான் தடை என்கிறார்கள். பிள்ளைகள் மேலே ஏறி விழாமல் வேலி போடுங்கள், வரவேற்கிறேன். வேலிக்கு வெளியே நின்று எடுக்கும் படத்தால் யாருக்கு என்ன ஆபத்து? உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெப்பம் வீணாகாமலிருக்க பாய்லரைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் வைத்து, அதன் மேல் தகடு போர்த்துவது வழக்கம். அந்தத் தகட்டைத்தான் இப்போது முகமூடிகூட இல்லாத தொழிலாளர்கள் கிரைண்டரால் அறுக்கிறார்கள். உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ்தானா என்று யாராவது சோதித்தார்களா? அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். பக்கத்திலேயே பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை தெரிந்தவர்களுக்கா தமிழ்நாட்டில் பஞ்சம்? 1855-ல் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடாமல் நின்ற இஐஆர் 21 இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் சீரமைத்து 2010-ல் மீண்டும் ஓட வைத்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை புதிதாகவே நீராவி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்தது. எங்கள் இன்ஜின் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துருப்பிடித்து உதிராமல் நின்றால் போதும். அதற்கு அந்தப் பணிமனைகளின் யோசனையைக் கேட்க ஒரு கடிதம் எழுதினால் ஆகாதா?

நான் கேட்பது இவைதான். வேலையை உடனே நிறுத்தி, பாய்லர் உறையைச் சோதிக்க வேண்டும். இன்ஜினை முழுவதுமாகப் படமெடுத்து, இருக்கும் பாகங்கள், இல்லாத பாகங்கள் இரண்டின் பட்டியலையும் பூங்கா வாசலில் ஒட்ட வேண்டும். புகைபோக்கிக்கு மூடியும், இன்ஜினுக்கு மேற்கூரையும், சக்கரங்களுக்கு அடியில் வடிகாலும் வேண்டும். எங்கள் ஊரில் இன்னும் இருக்கும் ஓய்வுபெற்ற டிரைவர்கள், ஃபயர்மேன்கள், ஃபிட்டர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தடைப் பலகையை எடுக்க வேண்டும். இன்ஜின் மக்கள் வரிப்பணத்தில் நிற்கும் பொதுச் சொத்து. அதற்கு என்ன நடக்கிறது என்று பார்க்கவும் பதிவு செய்யவும் எங்களுக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்