கத்தரித்து ஒட்டிய வாழ்க்கை

இராமநாதபுரம் சமஸ்தானத்தின் இசைப் பெருமை என்று பேச்செடுத்தால், அது பூச்சி சீனிவாச ஐயங்காரில் வந்து நிற்கும். 1860இல் பிறந்து 1919இல் மறைந்தவர்; பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர்; சேதுபதி அரண்மனை வித்துவான். மோகன ராகத்தில் ‘நின்னு கோரி’ வர்ணம் அவருடையது. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் அதைத் தாண்டித்தான் மேலே போகிறார்கள். ஆனால் ‘பூச்சி’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. அவ்வளவுதான்.

குருவின் வரலாற்றைச் சீடரின் தொண்டையில் பத்திரப்படுத்துவது நம் வழக்கம். இராமநாதபுரம் சி. எஸ். சங்கரசிவம் இன்று நினைக்கப்படுவது மதுரை டி. என். சேஷகோபாலன் பாடுவதால். இராமேசுவரத்து இராமநாதர் மேல் பாடிய முத்துசுவாமி தீட்சிதருக்கு அந்த வம்சத்திலேயே சுப்பராம தீட்சிதர் வாய்த்தார். எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியதால் கீர்த்தனைகள் சுரக்குறிப்போடு பிழைத்தன.

குருவே இல்லாதவன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் இந்த ஏற்பாட்டில் எங்கே உட்காருவார்? வீணை எஸ். பாலசந்தர் அப்படிப்பட்டவர். 1927இல் மயிலாப்பூரில் பிறந்தார். பாடகரும் ஓவியருமான எஸ். ராஜத்தின் தம்பி. அண்ணன் இராமனாக நடித்த ‘சீதா கல்யாணம்’ (1934) படத்தில் இவரும் குழந்தை நடிகர். கஞ்சிராவில் தொடங்கி சிதார் வழியாக வீணைக்கு வந்தார், எல்லாம் சொந்த முயற்சியில். ஒரே மீட்டலில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல சுரங்களை வரிசையாகப் பேசவைப்பார். விரல் நகர்வதை விடத் தந்தி வளைவதுதான் அதிகம். மேல்நாட்டு ராக் கிதார்க்காரர்கள் தந்தியை வளைத்துப் பெயர் வாங்கியது உலகுக்கெல்லாம் தெரியும். அதே துணிச்சல் மயிலாப்பூரிலும் நடந்தது. இங்கே அதைக் கிறுக்கு என்றார்கள்.

கிறுக்கு இல்லாமலும் இல்லை. சங்கீதக்காரர் படம் இயக்கினால் பாட்டாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்கு அவர் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. கதாநாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே குண்டடிபட்டுச் சாகிறார். ‘பொம்மை’ (1964) படத்தின் முடிவில் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் திரையில் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். யார் என்ன செய்தார்கள் என்பது பதிவாக வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதே இருந்தது.

அந்தப் பிடிவாதம் வீட்டில் பெரிய ஆல்பங்களாக வளர்ந்தது. தம்மைப் பற்றி வந்த பத்திரிகைத் துணுக்குகள், விமரிசனங்கள், படங்கள் எல்லாவற்றையும் கத்தரித்து ஒட்டிவைத்தார். தற்பெருமை என்று சிரித்துவிடலாம், தற்பெருமைதான். ஆனால் விக்ரம் சம்பத் 2012இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தத் தற்பெருமைதான் கைகொடுத்தது. பாப் டிலன் போன்றவர்கள் தம் கதையைத் தாமே எழுதினால் உலகம் வாங்கிப் படிக்கிறது. நம் வித்துவான் தன் விமரிசனத்தை வெட்டி வைத்தால் மட்டும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆல்பம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்லும் ‘அந்த நாள்’ படத்தை எடுத்தவர், தம் விஷயத்தில் ஒரு சாட்சியைத்தான் முன்னால் நிறுத்தினார். எண்பதுகளில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளைப் பற்றி அவர் கிளப்பிய சண்டை இதற்கு நல்ல உதாரணம். அந்த மன்னர் வாக்கேயக்காரரே அல்ல என்கிற அளவுக்குப் போனார். அது அதிகம்; சங்கீத உலகில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவற்றில் பலவற்றுக்கு இன்று நாம் கேட்கும் மெட்டை இருபதாம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அமைத்தார்கள் என்பது மட்டும் உண்மை. இந்த முத்தையா பாகவதர்தான் நம் சங்கரசிவத்தின் குரு. எந்தப் பாட்டில் யார் கை எவ்வளவு என்ற கேள்வி, ஆகவே, சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் மட்டும் நின்ற வழக்கல்ல.

1982இல் பத்மபூஷண் பெற்ற பாலசந்தர், கச்சேரிக்காகப் போன பிலாயில் 1990 ஏப்ரலில் காலமானார். அவர் சொன்னவை அவர் பெயரோடு எழுத்தில் இருக்கின்றன. தவறென்று தோன்றினால் பக்கத்தைத் திறந்து காட்டி மறுக்கலாம். சீனிவாச ஐயங்காரோடு அப்படிச் சண்டைபோட நமக்கு வழியில்லை. சேதுபதிகளின் போரும் தர்பாரும் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் வண்ணத்தில் இருக்கின்றன. சமஸ்தான வித்துவான்களின் வழிவந்த வீடுகளில் பழைய பாட்டு நோட்டும் கச்சேரி அழைப்பிதழும் ஒலிநாடாவும் இன்னும் கிடக்கக்கூடும். பரணைக் காலி செய்கிறவர் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அதையெல்லாம் யாராவது ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.