லாரி டயரின் பார எண்ணும் காற்றெச்சரிக்கைக் கருவியும்

சொந்த லாரி வைத்துக் கரும்பும் நெல்லும் ஏற்றும் மிராசுதார்கள், டயர் வாங்கப் புறப்படும்போது விலையையும் கம்பெனியின் பெயரையும் விசாரிக்கிறார்களே அன்றி, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களை வாசிப்போர் மிகச் சிலர். பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்குவாருண்டோ? டயருக்கு அவ்வெண்களே பல்.

உதாரணமாக, நம் பக்கத்து லாரிகளில் பெரிதும் காணப்படும் 10.00 ஆர் 20 அளவுள்ள ‘16 பிளை’ டயரை எடுத்துக்கொள்வோம். அதில் சாதாரணமாக 146/143 கே என்றிருக்கும். ஒற்றையாகப் பூட்டினால் 3,000 கிலோகிராமும், இரட்டையாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோகிராமும் தாங்கும் என்பது இதன் பொருள். ‘கே’ என்னும் எழுத்து, மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் ஆகாதென்பதற்குக் குறி. 16 பிளை என்றால் உள்ளே பதினாறு அடுக்கு இருப்பதாக அநேகர் எண்ணுகின்றனர். அது பருத்தி நூல் டயர்க் காலத்து வழக்கு. இக்காலத்து எஃகுக் கம்பி ரேடியல் டயரின் உடலில் ஓரடுக்கே உண்டு.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம், நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சின் பார எல்லையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் உயர்த்திற்று. உத்தரவு வந்ததும், பழைய வண்டியிலும் இரண்டு டன் கூடுதலாக ஏற்றலாமென்று பலர் துணிந்தனர். மேற்சொன்ன டயர்களில் பின்னச்சின் நான்கும் சேர்ந்து தாங்குவது 10.9 டன்; முன்னிரண்டும் தாங்குவது 6 டன். புதிய எல்லைவரை ஏற்றுவதானால் பின்னே 145-க்கும் முன்னே 152-க்கும் குறையாத எண்ணுள்ள டயர்களும், அவற்றுக்கேற்ற வளையங்களும் வேண்டும். அப்போதும், வண்டியின் பதிவுச் சான்றில் கண்ட எடையை மீறலாகாது. சர்க்கார் உத்தரவினால் ரப்பருக்கு ஒரு கிலோகிராம் வலிவும் கூடுவதில்லை.

தம் வண்டிக்கு எந்த எண் தேவையென்று அறிய, எடை மேடையில் முன் சக்கரங்களை மாத்திரம் ஏற்றி ஒரு நிறையும், பின் சக்கரங்களை மாத்திரம் ஏற்றி ஒரு நிறையும் எடுத்து, அவ்வவ் வச்சின் டயர்த் தொகையால் வகுத்தால் போதும். கரும்புக் கட்டு ஒரு பக்கம் சாய்வது வழக்கமாகையால், வந்த தொகைக்குச் சற்று மேலாகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் பார எண் மெய்யாவது, அதற்குரிய காற்று இருக்கும்போதுதான். டயர் செய்தவர் வெளியிடும் பட்டியலில் எந்தப் பாரத்துக்கு எத்தனை ராத்தல் காற்றென்பது கண்டிருக்கும். அதனை விடியற்காலையில், வண்டி புறப்படுமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் காற்று பத்து, பதினைந்து சதவீதம் உயர்வது இயல்பு. அதைக் கண்டு அஞ்சி நடுவழியில் காற்றை இறக்கிவிடுவதும், கோடை வந்தால் குறைத்தே பிடிப்பதும் நம்மவரிடை வேரூன்றிய பிழைகள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக மடங்கி நிமிர்வதனால் சூடு பிறக்கிறது. அச்சூடே டயரை வெடிக்கச் செய்கிறது.

இனி எச்சரிக்கைக் கருவி. வால்வின் மேல் மூடிபோல் திருகும் சென்சார்களைப் பலர் வாங்கிப் பொருத்தியிருக்கின்றனர். கருவி தானாக ஒன்றும் அறியாது. நாம் குறித்த எண்ணையே அது காவல் காக்கும். 110 ராத்தல் பிடிக்க வேண்டிய சக்கரத்துக்கு எச்சரிக்கை எல்லையை 80-ல் வைத்திருந்த ஒரு நண்பரை வினவியபோது, “அது ஓயாமல் கத்துகிறது, ஐயா” என்றார். சோதித்ததில் உட்பக்கத்துச் சக்கரம் ஒன்றில் வால்வு கசிந்துகொண்டிருந்தது. இது, வயற்காவலன் கூவினால் அவன் வாயைக் கட்டுவது போன்றதாகும்.

உரிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த டயரைக் காற்றின்றி ஓடியதாகவே கருதிக் கழற்றிச் சோதிப்பது டயர்த் தொழிலாளர் முறை. 110-க்கு அது 88 ஆகும். ஆகவே எச்சரிக்கை அதற்கு முன்பே, ஏறக்குறைய 97-ல் ஒலிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் 25 சதவீதக் குறைவில் விளக்கெரியச் சொல்வது கார் முதலிய இலேசான வண்டிகளுக்கே; அதை லாரிக்குக் கொள்வது தகாது. மேல் எல்லையை 25 சதவீதம் உயர்த்தி வைத்தால், சூட்டினால் வரும் வீண் கூச்சல் இராது. கசியும் டயரும் சூடேறினால் நிறைந்ததுபோல் காட்டுமாதலால், வெப்ப எச்சரிக்கையையும் அணைக்கலாகாது. வேறு எண்ணுள்ள டயர் மாற்றினாலும், சக்கரங்களை இடம் மாற்றினாலும், கருவியில் அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சோதித்த காற்றளவி கிராமங்களில் கிடைப்பது அரிது. கடைக்குக் கடை பத்து ராத்தல் வித்தியாசம் கண்டிருக்கிறோம். கூட்டுறவுச் சங்கக் களத்தில் நல்ல அளவியொன்றும் காற்றுப் பம்பும் வைத்து, அரைவைப் பருவத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே திறந்துவிடச் சங்கத் தலைவர்கள் ஏற்பாடு செய்யலாகும். எடைச் சீட்டில் மொத்த நிறையோடு அச்சு நிறையையும் குறித்துத் தரும்படி ஆலைகளையும் கேட்கலாம்.