அபராதம் வண்டிக்காரனுக்கு! பாரம் ஏற்றச் சொன்னவன் எங்கே?

சித்திரை வெயில். மண்டி வாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்படுகிறது. மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல். காளையின் கழுத்தில் நுகத்தடி அறுத்த புண். சாலை முனையில் மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர் கையை நீட்டுகிறார். பேர் என்ன? ஊர் என்ன? ஓட்டியது நீதானே? எழுது வழக்கை! மண்டி முதலாளி விசிறிக்குக் கீழே கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்கிறார். அவருடைய பேரை யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பெயர் ஜீவகாருண்யமாம்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாயில்லாப் பிராணியை வதைப்பதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. காளை படுத்தால் வண்டிக்காரன் வீட்டு அடுப்பும் படுத்துவிடும்; அதன் வலி அவனுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர்களே வேண்டாம் என்பதும் நமது வாதமல்ல. அவர்களைத் தயார் செய்கிற முறை தலைகீழாக இருக்கிறது என்கிறோம்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, அடித்தவனோடு நிற்கவில்லை. புண்ணும் நோயும் உள்ள பிராணியை வேலையில் ஈடுபடுத்துகிறவனையும் சேர்த்துப் பிடிக்கிறது. வண்டி மாடுகள், பொதி மாடுகள் பற்றிய 1965-ம் வருஷத்து விதிகள் இன்னும் தெளிவு. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை கூடவே கூடாது. கழுதை முதுகில் 50 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக் கூடாது. இவற்றை மீறுகிறவன் யார்? உபயோகிக்கிறவன் மட்டுமல்ல, உபயோகிக்கச் செய்கிறவனும் என்கிறது விதி. செய்கிறவனும், செய்விக்கிறவனும்! இரண்டாவது ஆளைச் சாலையில் தேடினால் கிடைப்பானா?

இது புதிய கதையல்ல. 1930-ல் கல்கத்தாவில், எருமை வண்டிகள் நண்பகல் நேரத்தில் ஓடக் கூடாது என்று வெள்ளைக்காரன் ஆட்சியில் உத்தரவு வந்தது. எருமைக்கு நிழல் வேண்டும், வாஸ்தவம். ஆனால் அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் கொடுப்பது? வியாபாரியா, கம்பெனியா? ஒருவனும் இல்லை. ஏப்ரல் 1-ம் தேதி வண்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்துல் மோமின் முதலான கம்யூனிஸ்ட் தோழர்கள் முன்னின்றனர். வண்டிகளையே தெருவில் குறுக்கே நிறுத்தி அரண் கட்டினார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் பலியாயின. மாட்டின் மீது கருணை காட்டப் பிறந்த உத்தரவு மனித ரத்தத்தில் போய் முடிந்தது! உத்தரவு தவறல்ல, அதன் சுமையை ஏழையின் முதுகில் மட்டும் ஏற்றியதே தவறு.

இன்று நிலைமை என்ன? 1962-ல் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியம் இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. பயிற்சி கொடுப்பதற்கென்று அங்கேயே தேசிய விலங்கு நல நிறுவனமும் இருக்கிறது. இருக்கட்டும். அங்கே எதைக் கற்றாலும், சாலைக்கு வந்து நிற்கிற இன்ஸ்பெக்டருக்குப் பிரிவின் எண் தெரிகிறது, மாடு தெரியவில்லை. மாடு தெரிந்தாலும் தொழில் தெரியவில்லை.

முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று எந்த வண்டிக்காரனும் சொல்வான். பாரம் முன்னே சாய்ந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். பின்னே சாய்ந்தால் நுகம் மேலே தூக்கி, கயிறு குரல்வளையை இறுக்கும். அதே எடை, இரண்டு வதை! உலர்ந்த மணலும் ஈர மணலும் பார்வைக்கு ஒரே குவியல்தான். இழுக்கிற காளைக்குத்தான் வித்தியாசம் தெரியும். காளை எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, லாடம் தேய்ந்ததா, குளம்பில் கல்லா, அச்சில் மை வற்றியதா? இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடியுமா? சந்தேகம் வந்தால் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல விதி அதிகாரம் கொடுத்திருக்கிறது. கண்ணால் மதிப்புப் போட்டு வழக்கு எழுதுவானேன்?

நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் முதலாளி ஒரு நடையைக் குறைத்து இரண்டு மூட்டை கூட ஏற்றத்தான் சொல்வார். கூலியில் இருக்கிறது காளையின் புண்.

லாரிகளைப் பாருங்கள். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு மாடுகள் போகின்றன. 1978-ம் வருஷத்து விதிப்படி சாதாரணச் சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் கூடாது. நெருக்கி அடைத்த லாரி சோதனைச் சாவடியில் மாட்டினால் டிரைவர் பேரில் வழக்கு. ஏற்றியது சாவடியிலா? சந்தையில், வியாபாரியின் கண்ணெதிரே! இன்ஸ்பெக்டர் அங்கே நின்றிருந்தால் கொம்பு முறிவதற்கு முன்பே ஏழாவது மாட்டை இறக்கியிருக்கலாம்.

முதல் குற்றத்துக்குச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. முதலாளிக்கு அது வெற்றிலைக் காசு. காளையைப் பிடித்துக்கொண்டு போனால் ஏழைக்குப் போவது பிழைப்பு. அதனால்தான், சொந்தக்காரன் ஏழையானால் வைத்தியச் செலவை வாங்க வேண்டாமென்று மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம் என 35-வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை இன்ஸ்பெக்டர்கள் இதை ஒரு வண்டிக்காரனிடம் வாய் திறந்து சொல்லியிருப்பார்கள்?

நாம் கேட்பது இதுதான். பயிற்சி நாட்களில் பாதி வண்டிப்பேட்டையிலும் மாட்டுச் சந்தையிலும் கழியட்டும். கால்நடை டாக்டரோடு அனுபவமுள்ள வண்டிக்காரரும் லாடம் அடிக்கிறவரும் ஆசிரியராக நிற்கட்டும். அந்த நாளுக்கு அவர்களுக்குக் கூலி கொடுக்கப்படட்டும். பரீட்சை காகிதத்தில் வேண்டாம். பத்து வண்டிகளை நிறுத்தி, எந்தக் காளை வேலைக்கு லாயக்கில்லை என்று காட்டச் சொல்லுங்கள். வழக்குப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: சரக்கு யாருடையது? ஏற்றச் சொன்னது யார்? நடைக்குக் கூலி எவ்வளவு?

அடுத்த பயிற்சி வகுப்பு எந்த மண்டி வாசலில் நடக்கும்? வாரியம் பதில் சொல்லட்டும்!