லோடிங்குல ஒளிஞ்சிருக்கு ஜெரண்ட்!

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போதுதான் நம்ம மக்களுக்கு கிராமர் மேல திடீர் பாசம் பொத்துக்கிட்டு வரும். ஆப்டிடியூடை ஊதித்தள்ளுற கில்லாடிகூட, வெர்பல் பக்கத்துல 'ஜெரண்ட்'னு பார்த்ததும் ஜெர்க் ஆகிடுவார். பேருதாங்க பயங்கரம். சரக்கு நம்ம ஊர் சரக்கு!

புழல்ல எங்க தெருப் பசங்களுக்கு சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். எல்லாம் பத்தாங்கிளாஸ். பல பேரோட அப்பா லாரி, ஹார்பர், பட்டறைன்னு வேலை பார்க்கிறவங்க. "அப்பா தன் வேலையைப் பத்திப் பேசும்போது என்னென்ன இங்கிலீஷ் வார்த்தை சொல்வார்?"னு கேட்டேன். லோடிங், அன்லோடிங், வெல்டிங், கிரைண்டிங், பெயின்டிங்... போர்டு நிறைஞ்சுபோச்சு. அத்தனையும் ஜெரண்ட்தான்னேன். "அப்போ எங்கப்பாவுக்கு கிராமர் தெரியுமாண்ணா?"ன்னான் ஒருத்தன். இங்கிலீஷ் நமக்கு வராதுன்னு முடிவே பண்ணி வெச்சிருந்த பையன் அவன்.

தெரியும்! 'லோடிங்குக்கு ஆள் வேணும்', 'வெல்டிங்ல கோளாறு', 'பெயின்டிங்கை சீக்கிரம் முடி'... கு, இல், ஐ. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின அதே வேற்றுமை உருபுகள். உருபு பெயர்ச்சொல்லோடதான் ஒட்டும். 'தூக்குகிறான்' கூட 'ஐ' சேர்த்துப் பாருங்க... ம்ஹூம். 'தூக்குவது'ன்னு மாத்துங்க. தூக்குவதை, தூக்குவதற்கு, தூக்குவதில்னு ஜம்முனு ஒட்டும். இதைத்தான் தமிழய்யா தொழிற்பெயர்னு சொல்லிக்கொடுத்தார்.

இங்கிலீஷ்ல நம்ம உருபு செய்யுற வேலையை இன், ஆஃப், ஃபார், அட் மாதிரி பிரபோசிஷனுங்க பார்க்குது. அதுக்குப் பின்னாடி வினை வந்து உட்காரணும்னா 'இங்' சட்டையை மாட்டிக்கிட்டு பெயராத்தான் வரணும். 'குட் அட் சிங்கிங்'னா பாடுவதில் கெட்டி. அவ்வளவுதான் ரூல்!

ஆனா 'இங்' வர்றதெல்லாம் ஜெரண்ட் இல்லை. 'ஹி இஸ் லோடிங்' - ஏத்திக்கிட்டு இருக்கார். இங்கே எந்த உருபும் ஒட்டாது, அதனால ஜெரண்ட்டும் கிடையாது.

நிஜமான வில்லன் 'டு'தான். ஹெச்.ஆருக்கு மெயில் தட்டுறப்போ 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ'ன்னு முடிக்கிற கும்பல் ரொம்பப் பெருசு. அங்கே 'டு' ஒரு பிரபோசிஷன். சந்தேகமா? பின்னாடி ஒரு பெயரை வெச்சுப் பாருங்க. 'லுக்கிங் ஃபார்வர்டு டு தி ஹாலிடேஸ்' - சரியா வருதுல்ல? அப்போ அது பெயரோட சீட். 'மீட்டிங் யூ'ன்னுதான் போடணும். 'வான்ட் டு' பக்கத்துல அதே ஹாலிடேஸை வெச்சா பல்லிளிக்கும். அதனால அங்கே வெறும் 'மீட்' போதும்.

இன்னொண்ணு. 'டிரைவர் ஸ்டாப்டு டு டிரிங்க் டீ' - டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். 'ஸ்டாப்டு டிரிங்கிங் டீ' - டீ குடிப்பதையே விட்டுட்டார். ஜி.என்.டி. ரோட்டுல முதல் வகையறாவை தினமும் பார்க்கலாம். ரெண்டாவது வகையறாவை நான் இன்னும் பார்க்கலை!

அடுத்து 'ரிமெம்பர் டு லாக்', 'ரிமெம்பர் லாக்கிங்'. முதல்ல வர்றது 'பூட்ட மறக்காதே'. ரெண்டாவது, 'பூட்டினது ஞாபகம் இருக்கு'. கவனிச்சீங்களா? 'பூட்டினது'ன்னாலே வேலை முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சிடுது. 'லாக்கிங்' அதைப் பத்தி மூச்சே விடாது.