ரசிகரின் கணக்கு எப்போது முறிகிறது? நாஸ்கார் பந்தயங்களின் தளர்வை முன்வைத்துச் சில எண்ணங்கள்

விளையாட்டின் சமூகவியல் குறித்த ஒரு வகுப்புரையாடலில் அண்மையில் ஒரு மாணவி கேட்டார்: "ஒரு விளையாட்டுக்கு வயதாகும்போது அதன் ரசிகர் கூட்டம் கரைவது இயல்புதானே? இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" தலைமுறை மாற்றம், கைப்பேசி, கவனச் சிதறல் என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லி முடித்தேன். வகுப்பு கலைந்த பிறகும் அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதை இங்கே திருத்தி எழுதிப் பார்க்கிறேன். எனக்கு ஓரளவு தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்கள்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஃபார்முலா ஒன் ஊர்தி பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்படுவது. நாஸ்காரில் ஓடுவது 'ஸ்டாக் கார்'. அதாவது கடையில் விற்கும் காரின் சாயலைக் கொண்டது. பெரும்பாலும் நீள்வட்டத் தளங்களில், நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். 1947 டிசம்பரில் புளோரிடாவின் டேடோனா பீச் நகரில், ஒரு விடுதியில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் கருக்கொண்ட அமைப்பு 1948 பிப்ரவரியில் முறையாகப் பதிவுபெற்றது. தென் மாநிலங்களின் ஆலைத் தொழிலாளர்களும் உழவர்களும் கார் பழுதுபார்ப்பவர்களுமே அதன் தொடக்ககால ரசிகர்கள். ஜூனியர் ஜான்சனைப் போலக் கள்ளச் சாராயம் கடத்திய கையோடு பந்தயத்துக்கு வந்த ஓட்டுநர்களும் உண்டு. வட்டார வாழ்விலிருந்து முளைத்த விளையாட்டு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

1979 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயம் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவுவரை தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. கிழக்கு மாநிலங்கள் பனிப்புயலில் சிக்கி வீட்டுக்குள் முடங்கியிருந்த நாள் அது. கடைசிச் சுற்றில் முதலிரு இடங்களில் இருந்த இருவரும் மோதித் தளத்தை விட்டு விலக, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். மோதியவர்கள் புல்வெளியில் கைகலப்பில் இறங்கியதையும் நாடே பார்த்தது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் வளர்ச்சிதான். டென்னசியின் பிரிஸ்டல் தளத்தில் 1982 தொடங்கி அடுத்தடுத்து 55 பந்தயங்களுக்கு அனைத்து இருக்கைகளும் விற்றுத் தீர்ந்தன. 2006ஆம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

பிறகு சரிவு. பிரிஸ்டலின் அந்தத் தொடர்ச்சி 2010இல் அறுந்தது. டேடோனா தளம் பெரும்பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டபோது, தளத்தின் மறுபக்கத்திலிருந்த பார்வையாளர் மேடை அகற்றப்பட்டு, ஏறத்தாழ 1,01,500 இருக்கைகளே எஞ்சின. விளையாட்டரங்கை விரிவாக்கும்போது இருக்கைகளைக் குறைக்க நேர்வது ஒரு நிறுவனத்தின் மௌன வாக்குமூலம். 2023இல் அதே டேடோனா 500 பந்தயத்தின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை சுமார் 82 இலட்சம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யானவை என்று நான் வாதிடவில்லை. 2008இன் பொருளாதார வீழ்ச்சி, நெடுந்தொலைவு காரோட்டி வந்து பந்தயம் பார்த்த குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. தொலைக்காட்சி வழிகள் பெருகி, எல்லா நிகழ்ச்சிகளின் பார்வையாளர்களும் சிதறினார்கள். ஆனால் பொருளாதாரம் மீண்ட பிறகும் கூட்டம் ஏன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை? இதே சிதறலின் நடுவே அமெரிக்கக் கால்பந்து மட்டும் எப்படித் தன் இடத்தைக் காத்துக்கொண்டது? புறக் காரணங்கள் விளக்காமல் விட்டுவைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இக்குறிப்பு.

என் கருத்து இது: நெடுநாள் ரசிகரின் ஈடுபாடு ஒரு சேமிப்பு. இருபது ஆண்டுகள் பார்த்தவருக்கு இருபத்தோராம் ஆண்டின் பந்தயம் தனி நிகழ்ச்சியாகத் தோன்றுவதில்லை. முந்தைய இருபதின் மேல் அது வந்து அமர்கிறது. இந்தச் சேமிப்பு மூன்று அலகுகளில் கணக்கிடப்படுகிறது: இடம், நாள், வெற்றியை அளக்கும் முறை. மூன்றும் ஓரளவு நிலையாக இருக்கும்வரை ரசிகர் தோல்வியையும் சலிப்பையும் விலையேற்றத்தையும்கூடப் பொறுத்துக்கொள்வார். அவற்றை நிருவாகமே மாற்றும்போது பழைய சேமிப்பு செல்லாக் காசாகிறது. நாஸ்கார் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் மூன்றையும் மாற்றியது.

முதலில் இடம். வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ, நாஸ்காரின் உயர்நிலைத் தொடர் தொடங்கிய 1949 முதலே பந்தயம் நடந்துவந்த சிறு தளம். உரிமை கைமாறியதும் அதற்குரிய இரண்டு நாள்களும் டெக்சாசுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுசெல்லப்பட்டன. 1996 செப்டம்பரோடு அங்கே உயர்நிலைப் பந்தயம் நின்றது. அதே மாநிலத்தின் ராக்கிங்கம் தளம் 2004இல் அதே முடிவைச் சந்தித்தது. பெரிய நகரங்கள், பெரிய மேடைகள், புதிய சந்தை என்பது நிருவாகத்தின் கணக்கு. கணக்கு என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால் தந்தையோடு அமர்ந்த மேடையில் மகனோடு அமர்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் களைமண்டிக் கிடக்கும்போது, டெக்சாசில் எத்தனை இருக்கைகள் இருந்தாலும் அவை அவருக்கு ஈடாகா.

அடுத்து நாள். தென் கரோலினாவின் டார்லிங்டனில் 1950 தொடங்கி ஒவ்வோராண்டும் செப்டம்பர் முதல் திங்களையொட்டிய தொழிலாளர் தின விடுமுறையில் 'சதர்ன் 500' நடந்துவந்தது. அரை நூற்றாண்டாகப் பல குடும்பங்களுக்கு அந்த விடுமுறைக்கும் பந்தயத்துக்கும் வேறுபாடு இருக்கவில்லை. 2004இல் அந்த நாள் கலிபோர்னியாவின் ஃபான்டானா தளத்துக்குத் தரப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மக்கள்தொகை அங்கே கூட்டம் சேர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. அங்கே மேடைகளை நிரப்புவதே பெரும்பாடாயிற்று. தொழிலாளர் தினப் பந்தயம் 2015இல் டார்லிங்டனுக்கே திரும்பியது. ஃபான்டானாவில் 2023க்குப் பிறகு பந்தயமே இல்லை. திருவிழாவை ஊரிலிருந்து பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது என்பதைத் தேரோட்டம் பார்த்து வளர்ந்த எவரும் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அளக்கும் முறை. 1975 முதல் 2003 வரை அடிப்படையில் ஒரே புள்ளிமுறை. ஆண்டின் எல்லாப் பந்தயங்களிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, அதிகம் பெற்றவர் வாகையர். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை மட்டும் வென்று பட்டம் பெற்றார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரையன் நியூமன் ஆறாமிடத்தில் நின்றார். இதில் குறை காண்பது நியாயமே. வெற்றிக்குக் கூடுதல் மதிப்பளித்துச் சரிசெய்திருக்கவும் முடியும். ஆனால் 2004இல் வந்த தீர்வு வேறு. கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கு முன்னால் முன்னணியினரின் புள்ளிகளை நெருக்கமாக்கி, கணக்கைக் கிட்டத்தட்ட மறுபடி தொடங்கினார்கள். 2007இலும் 2011இலும் விதிகள் மாறின. 2014இல் கட்டங்கட்டமாக வெளியேற்றும் முறை வந்து, கடைசியில் எஞ்சும் நால்வருள் இறுதிப் பந்தயத்தில் முந்துபவருக்கே பட்டம் என்றானது. 2017இல் ஒவ்வொரு பந்தயமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, இடைக்கட்டப் புள்ளிகளும் சேர்ந்தன.

இவை ஒவ்வொன்றும் பரபரப்பை உண்டாக்கின என்பது உண்மை. ஆனால் பிப்ரவரியில் ஒருவர் பொறுமையாகச் சேர்த்த புள்ளிக்கு நவம்பரில் பொருள் குன்றிவிட்டால், பிப்ரவரியில் பார்த்த ரசிகருக்கும் அதே கதிதான். ஏழு பட்டங்கள் பெற்ற ரிச்சர்ட் பெட்டியையும் அதே எண்ணிக்கையைத் தொட்ட டேல் எர்ன்ஹார்ட்டையும் ஒரே தராசில் வைத்து இரவெல்லாம் வாதாடிய ரசிகருக்கு, 2004க்குப் பிந்தைய பட்டங்களை நிறுக்கத் தராசு இல்லாமல் போயிற்று. ரசிகர்களின் வாதம் ஓயும்போது விளையாட்டின் பாதி உயிர் போய்விடுகிறது. மைதானத்தில் நடப்பது மற்றப் பாதிதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: மாற்றங்கள் 2004இல் வந்தன, ஆனால் தொலைக்காட்சிப் பார்வை 2005, 2006 வரை உச்சத்தில் இருந்ததே? ஆம். பழக்கம் உடனே அறுவதில்லை. வேரறுந்த மரம் அந்தப் பருவம் முழுக்க இலையோடு நிற்கும். 2008இன் நெருக்கடி பலரை ஓராண்டு வீட்டில் இருக்கவைத்தது. அந்த ஓராண்டில்தான் அவர்கள் தாம் எதையும் இழக்கவில்லை என்பதை உணர்ந்தார்கள் என்று நான் கருதுகிறேன். இது ஊகமே, கள ஆய்வால் சோதிக்கப்பட வேண்டியது.

நிருவாகம் ஏன் இதை உணரவில்லை? வருவாய் பெருகிக்கொண்டிருந்ததுதான் காரணம். 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டு ஒளிபரப்பு உரிமை சுமார் 820 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. மேடைகள் காலியாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒப்பந்தத் தொகை ஏறியது. ரசிகரிடமிருந்து நேராக வந்த பணம், அவரது கவனத்தை வாங்கி விற்கும் இடைத்தரகரிடமிருந்து வரத் தொடங்கியபின், ரசிகரின் மனக்குறை நிருவாகத்தின் காதுக்கு எட்ட நெடுங்காலமாகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'பழையபடியே விட்டிருக்க வேண்டும்' என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. அந்தப் பழைமை எல்லோருக்கும் இனியதாக இருக்கவில்லை. 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் வென்ற கறுப்பின ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட்டுக்கு அன்று வெற்றி மேடை மறுக்கப்பட்டது; வேறொருவர் வென்றதாக அறிவித்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகே அவர் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். அதற்குரிய கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021இல். அப்போது அவர் மறைந்து முப்பது ஆண்டுகளாகியிருந்தன. அதே 2021இல்தான் உயர்நிலைத் தொடரில் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநரானார் பப்பா வாலஸ். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்கூட்டமைப்பின் கொடி 2020 ஜூன் வரை பந்தயத் தளங்களில் பறந்தது. அதைத் தடைசெய்ததால் சில ரசிகர்கள் விலகியிருப்பார்கள். அந்த இழப்பு ஏற்கத்தக்கது, ஏற்றாக வேண்டியது.

பாதுகாப்பும் அப்படியே. 2001 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபின் கழுத்துத் தாங்கி கட்டாயமானது. அதிர்வை வாங்கும் தடுப்புச் சுவர்கள் வந்தன. அதன்பின் உயர்நிலைத் தொடரின் பந்தயங்களில் ஓட்டுநர் எவரும் இறக்கவில்லை. 'பழைய வீரம் போயிற்று' என்று புலம்புவோருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆகவே மாற்றமா, மரபா என்று கேட்பது பயனற்றது. எந்த மாற்றம் என்று கேட்க வேண்டும். தடுப்புச் சுவரும் கொடித் தடையும் போட்டியின் பொருளைத் தொடவில்லை; அதற்குள் வரக்கூடியவர்களை, அதிலிருந்து உயிரோடு திரும்பக்கூடியவர்களைக் கூட்டின. நாள்மாற்றமும் புள்ளிமாற்றமும் இன்னும் வராத பார்வையாளருக்காக, ஏற்கெனவே வந்தவரின் நினைவை அடகுவைத்தன. முன்னது கதவை அகலமாக்கியது; பின்னது அடித்தளத்தைப் பெயர்த்தது. 'ரசிகர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள்' என்ற ஒற்றை வாக்கியத்துள் இவ்விரண்டையும் அடைப்பது நிருவாகத்துக்கு வசதியானது, ஆய்வாளருக்கு அழகன்று.

2023 மே மாதம் நார்த் வில்க்ஸ்பரோ தளம் புதுப்பிக்கப்பட்டு, நட்சத்திர ஓட்டுநர்களின் சிறப்புப் பந்தயம் அங்கே நடந்தது. மேடைகள் நிரம்பின. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் எஞ்சியிருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அன்று மகனாக வந்தவர் இப்போது தந்தை. நடுவில் ஒரு தலைமுறை அந்த மேடையைக் காணாமலே வளர்ந்துவிட்டது. அவர்களை எந்த விழாவும் திருப்பித் தராது.

இந்தியாவில் இருந்துகொண்டு இதை ஏன் எண்ண வேண்டும்? கிரேட்டர் நொய்டாவில் உலகத் தரத்தில் புத் பன்னாட்டுத் தளம் கட்டினோம். 2011, 2012, 2013 என மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்களோடு அது நின்றது. வரிச் சிக்கல் முதலிய காரணங்கள் உண்மையே. எனினும், அது நின்றபோது ஊர் பதறவில்லை. பதறுவதற்கு வேண்டிய நினைவு சேர மூன்றாண்டு போதாது. தளம் கட்டப் பணம் போதும். ரசிகரை உருவாக்க, ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே கணக்கில் பல்லாண்டு நடத்தும் பொறுமை வேண்டும். நம் உள்நாட்டுப் போட்டிகளின் அட்டவணைகளை ஆண்டுதோறும் கலைத்துப் போடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த மாணவிக்கு இப்போது இப்படி விடை சொல்வேன்: விளையாட்டுக்கு வயதாவதால் ரசிகர் போவதில்லை. வயதே அதன் முதல். அந்த முதலைச் செலவழித்துவிட்டு அதை வளர்ச்சி என்று கணக்கெழுதும்போதுதான் அவர் எழுந்து போகிறார், பெரும்பாலும் சத்தமில்லாமல். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுங்கள். குறிப்பாகத் துடுப்பாட்டம், கபடி, படகுப் போட்டி ஆகியவற்றில் கள ஆய்வு செய்வோரின் சான்றுகள் என் வாதத்தை உடைத்தாலும் மகிழ்வேன்.