மாடி போர்ஷனில் ஒரு கம்ப்யூட்டர்!

வீட்டில் லேப்டாப் இல்லை. கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு பைத்தான் பழக வேண்டும். தையல் கடை நடத்தும் அம்மாவுக்கு ஒரு விசிட்டிங் கார்டு டிசைன் செய்ய வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளை இதிலேயே ஓட்ட முடியாதா?

முடியும். அதுவும் இது புதுசாக வந்த வித்தை இல்லை. ஐபேட் என்ற பெயரையே உலகம் கேள்விப்படாத காலத்தில், உள்ளங்கை அளவு கருவியில் முழு டெஸ்க்டாப் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதை தெரிந்தால், இன்று உங்கள் போனில் என்ன செய்யலாம் என்பது சுலபமாகப் புரிந்துவிடும்.

பின்லாந்தில் பிறந்த இரண்டு

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். அதே ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரில்தான் நோக்கியாவின் தலைமையகம். நம் வீடுகளில் டார்ச் லைட்டோடு வந்த பட்டன் போனைத் தந்த அதே நோக்கியா!

அந்த நிறுவனம் 2005-ல் '770' என்றொரு கருவியை வெளியிட்டது. பெயர், 'இன்டர்நெட் டேப்லெட்'. சிம் கார்டு கிடையாது, போன் பேச முடியாது. வைஃபை மூலம் இணையம் பார்க்கலாம். 4.1 அங்குலத் திரை, தொடுவதற்கு ஒரு சிறு குச்சி. 2007-ல் 'என்800', அதே ஆண்டின் பிற்பகுதியில் இழுத்தால் கீபோர்டு வெளிவரும் 'என்810' என அடுத்தடுத்து வந்தன.

இவற்றுக்குள் ஓடியது 'மேமோ' என்ற இயங்குதளம். அதன் அடிப்படை லினக்ஸ். இன்னும் சரியாகச் சொன்னால், 1993-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் 'டெபியன்' என்ற லினக்ஸ் வகை. இங்கேதான் சிலருக்குப் பொறி தட்டியது. மேமோவுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் கொஞ்சம்தான். ஆனால், 2009 பிப்ரவரியில் வந்த டெபியன் 5-ல் 23,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் இருந்தன. ஆபீஸ் வேலைக்கு ஓப்பன் ஆபீஸ், படம் திருத்த கிம்ப், இன்னும் எத்தனையோ. டேப்லெட்டில் இருந்த ஏ.ஆர்.எம். வகை பிராசஸருக்கும் டெபியன் தயாராகவே இருந்தது. இரண்டும் சொந்தக்காரர்கள்தானே, ஏன் சேர்த்துவைக்கக் கூடாது?

ஒரே வீடு, இரண்டு சமையலறை

நேரடியாகச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனியாக வேலை செய்வதில்லை. 'லைப்ரரி' எனப்படும் துணை நிரல்கள் பலவற்றை நம்பி இருக்கிறது. மேமோவில் இருந்த லைப்ரரிகள் வேறு, டெபியன் மென்பொருள்கள் எதிர்பார்த்தவை வேறு. ஒன்றின் மேல் இன்னொன்றைக் கொட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

அதற்குக் கிடைத்த வழி, நம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். கீழ் வீட்டில் மாமியார், மாடி போர்ஷனில் மருமகள். இ.பி. கனெக்‌ஷன் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, வாசல் கேட் ஒன்று. சமையலறை மட்டும் தனித்தனி. மாடியில் என்ன மசாலா அரைத்தாலும் கீழே ருசி மாறாது.

டேப்லெட்டில் செய்ததும் அதுதான். லினக்ஸின் அடிமட்டமான 'கெர்னல்' பொது. மெமரி கார்டில் ஒரே ஒரு பெரிய கோப்பு. அதற்குள் டெபியனின் மொத்த ஃபோல்டர்களும் லைப்ரரிகளும். 'இனி இதுதான் உன் வீடு' என்று ஒரு மென்பொருளிடம் சொல்லி அந்தக் கோப்புக்குள் அனுப்பிவிடுவார்கள். இதற்கு லினக்ஸில் 'சி.எச்.ரூட்' என்று பெயர். உள்ளே போன மென்பொருள், தான் ஒரு முழு டெபியன் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். திரை மட்டும் மேமோவுடையது. இதையெல்லாம் ஒரு பட்டனில் அடக்கி 'ஈஸி டெபியன்' என்ற பெயரில் ஆர்வலர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். பிடிக்கவில்லையா? அந்தக் கோப்பை அழித்துவிடலாம். கீழ் வீட்டுக்கு ஒரு கீறல்கூட விழாது.

சொகுசு இல்லை!

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். என்810-ல் இருந்த ராம் 128 எம்பி. இன்று நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் 4 ஜிபி ராம் போனில் அதைப் போல 32 மடங்கு இருக்கிறது. அந்தக் குட்டி ராமில் ஓப்பன் ஆபீஸைத் திறந்தால், அது வந்து நிற்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். இடம் போதாமல் மெமரி கார்டின் ஒரு பகுதியையே ராம் போலப் பயன்படுத்துவார்கள். அது இன்னும் மெதுவாகும்.

அடுத்த சிக்கல் திரை. மவுஸை நினைத்து வரைந்த மெனுக்கள், உள்ளங்கைத் திரையில் கடுகு கடுகாகத் தெரியும். திரையின் உயரம் 480 புள்ளிகள்தான். ஆனால், சில பெட்டிகள் அதைவிட உயரம். கீழே இருக்கும் 'ஓகே' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்! ரைட் கிளிக் செய்யக் குச்சியில் பட்டன் கிடையாது.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு இதைச் செய்தார்கள்?

பதில், அடுத்து நடந்ததில் இருக்கிறது. 2007 இறுதியில் மேமோவின் புதிய பதிப்பு வந்தபோது, பழைய 770-க்கு அது அதிகாரபூர்வமாகத் தரப்படவில்லை. 2009-ல் என்900 போனோடு வந்த அடுத்த பதிப்பு, என்800, என்810 இரண்டுக்கும் இல்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் பக்கம் போவதாக அறிவித்தது. 2014-ல் போன் பிரிவே மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. கம்பெனி கைவிட்டாலும், மாடி போர்ஷனில் டெபியன் குடியிருந்த டேப்லெட்டுகளில் அதற்குப் பிறகும் வேலை நடந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள், எதுவரை உழைக்க வேண்டும் என்பதை வாங்கியவரே தீர்மானித்தார். அதற்காகத்தான் அந்தக் கஷ்டம்.

உங்கள் போனில்?

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல் மேல்தான் நிற்கிறது. ஆகவே, அதே மாடி போர்ஷன் இங்கேயும் கட்டலாம். 'டெர்மக்ஸ்' என்ற இலவச ஆப் அதற்கான படிக்கட்டு. 'எஃப்-டிராய்டு' என்ற தளத்தில் கிடைக்கிறது. அதற்குள் 'ப்ரூட்-டிஸ்ட்ரோ' என்ற கருவியை நிறுவி, டெபியனைத் தேர்ந்தெடுத்தால் இறங்கிவிடும். பிறகு லிப்ரே ஆபீஸ், கிம்ப், பைத்தான் என்று வேண்டியதைச் சேர்க்கலாம். தமிழில் டைப் செய்யத் தமிழ் எழுத்துருவையும் சேர்த்து நிறுவுங்கள். இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். விண்டோக்களைத் திரையில் பார்க்க, வி.என்.சி. வியூவர் வகை ஆப் ஒன்று தேவை.

சி.எச்.ரூட்டுக்கு 'ரூட்' அனுமதி, அதாவது வீட்டு ஓனரின் சாவி வேண்டும். ப்ரூட்டுக்கு வேண்டாம். சாவி இல்லாமலேயே சமாளிக்கும். கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். எனவே இதற்காகப் போனை 'ரூட்' செய்யாதீர்கள். ரூட் செய்த போனில் பல பேங்க் ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் திறக்க மறுக்கும்.

கூகுளே இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. 2025 மார்ச்சில் பிக்ஸல் போன்களுக்கு 'லினக்ஸ் டெர்மினல்' என்ற வசதியைத் தந்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போய் இயக்கினால், போனுக்குள் டெபியன் ஓடும். இது மாடி போர்ஷன் இல்லை. அதே காம்பவுண்டில் தனி இ.பி. மீட்டரோடு ஒரு தனி வீடு. கெர்னலும் தனி.

இறங்கும் முன்...

• குறைந்தது 5 ஜிபி காலி இடமும், 4 ஜிபி ராமும் இருந்தால் நல்லது. இறக்குவதை வைஃபையில் செய்யுங்கள்.

• ப்ளூடூத் கீபோர்டும் மவுஸும் இணையுங்கள். விரலை மட்டும் வைத்து டெஸ்க்டாப் மென்பொருளோடு மல்லுக்கட்டினால் ஒரே நாளில் வெறுத்துவிடும்.

• ஆண்ட்ராய்டு 12-லிருந்து, பின்னணியில் ஓடும் கிளை வேலைகளுக்கு வரம்பு உண்டு. அது மீறினால் டெர்மக்ஸ் திடீரென்று நின்றுபோகலாம். செய்யும் வேலையை அடிக்கடி சேமியுங்கள்.

• டெர்மக்ஸை நீக்கினால் உள்ளே இருக்கும் டெபியனும் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். முக்கியமானவற்றுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள்.

• முன்பின் தெரியாத தளங்களில் 'மாற்றியமைத்த டெர்மக்ஸ்' என்று கிடைப்பதைத் தொடாதீர்கள்.

ஒரு கடிதம் அடிக்க, ஒரு கணக்குப் போட மட்டும் என்றால், இத்தனை சிரமம் வேண்டாம். சாதாரண ஆபீஸ் ஆப்பே போதும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கும், முழு வசதியுள்ள மென்பொருள் தேவைப்படுபவருக்கும்தான் இது. முதல் முயற்சியை, அன்றாடம் பயன்படுத்தும் போனில் செய்ய வேண்டாம். அலமாரியில் ஒரு பழைய போன் தூங்கிக்கொண்டிருக்குமே, ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்குமேல் இருந்தால் அதை எடுத்து சார்ஜில் போடுங்கள். கெட்டுப்போனால் நஷ்டமில்லை. ஓடிவிட்டால், பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது!